கஞ்சி போட்ட நாற்காலி

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, கால் மரத்துப்போகாமல் சாய்ந்து உட்காருங்கள். உமாபதி வீட்டு நாற்காலியின் ஆட்டம் நின்ற கதையைச் சொல்கிறேன்.

உமாபதி பட்டு நெய்கிறவன். ஓரிக்கையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை; வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். இன்னும் இரண்டு முழம் பாக்கி. ஆனால் செவ்வாய்க்கிழமை அவன் கவலையெல்லாம் காலமான மாமனாரின் தேக்கு நாற்காலி மேல். அதில் ஒரு கால் விரற்கடை குட்டை.

"காவேரி, உன் தாய்மாமன் வாராவாரம் வராரு. உக்காந்ததும் ஆடுதுன்றாரு, பத்தே நிமிஷத்துல எழுந்து போயிடறாரு. நமக்குத்தானே அவமானம்?" என்றான் மனைவியிடம்.

"ஆமாங்க. போன வாரம் காபிகூட முழுசா குடிக்கல."

மூலையில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்த மாமியார் நீலாம்பாள் நிமிர்ந்தாள். "அது அப்படியே இருக்கட்டும் மாப்ளே. அவரு ஞாபகமா இருக்குது."

பாவம், புருஷன் நினைப்பு என்று எண்ணிக்கொண்டான் உமாபதி.

குட்டைக் காலுக்கு அடியில் பழைய டிசைன் அட்டையை மடித்து வைத்தான். நழுவியது. மரத்துண்டு ஒட்டி ஆணி அடித்தான். இப்போது அந்தக் கால்தான் நெட்டை. இழைப்புளி இரவல் வாங்கிச் சீவினான். ஆட்டம் நின்றது, ஒட்டு மட்டும் வெள்ளைவெளேரென்று தெரிந்தது. வார்னிஷ் அடித்தால் மறையும். அதற்கு முன்னால் நாற்காலி முழுக்க அரிசிக் கஞ்சி தடவினான்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றாள் காவேரி.

"தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போடாம நெய்யறோமா? விறைப்பா நிக்கும்மா."

கஞ்சி காய்வதற்குள் மழை வந்தது. மழை விடுவதற்குள் வார்னிஷ் அடித்துவிட்டான்.

வியாழன் காலையில் நீலாம்பாளின் தம்பி முனுசாமி வந்தார். "அட, பளபளன்னு இருக்குதே!" என்றபடி, தடுப்பதற்குள் உட்கார்ந்தார். இப்படி அசைந்தார், அப்படி அசைந்தார். ஆடவில்லை. சாய்ந்துகொண்டார்.

"முசரவாக்கத்துல மோட்டாரு ரிப்பேரான கதைய சொன்னேனா மாப்ளே?"

"இல்ல மாமா."

சொன்னார். 'உம்' கொட்டாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பித்தார். 'உம்' கொட்டிய நேரத்தில் தறியில் நெய்த மயிலுக்கு வால் விட்டுப்போனது. பிரித்து நெய்தான். மறுபடி 'உம்'. மறுபடி வால். தாய்மாமனை எழுந்து போகச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

சாப்பாடும் நாற்காலியிலேயே ஆனது. மூன்று மணிக்கு, "கெளம்பறேன்பா" என்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"பரவால்ல, காயட்டும்" என்று மறுபடி உட்கார்ந்தார். "எங்க வுட்டேன்?"

ஐந்து மணிக்குத் தம் வேட்டியை நாற்காலியிடமே விட்டுவிட்டு, உமாபதியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். "நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேன் மாப்ளே. மோட்டாரு கதையில இன்னும் காயிலு கம்பியே சுத்தல."

தறிக்குழியில் உமாபதி தலையில் கை வைத்துக்கொண்டான். இன்னும் ஒன்றரை முழம் பாக்கி இருந்தது.

நீலாம்பாள் எழுந்தாள். பரணிலிருந்து ஒரு ரம்பத்தை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, அவன் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் காலு தானா குட்டையாவல மாப்ளே. என் தம்பிக்குப் பத்து நிமிஷம்னு உங்க மாமனாரு அளந்து அறுத்தது."

உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, மனம் குளிர்ந்து, நேரத்துக்கு எழுந்து போகட்டும் கண்ணுகளா. நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.