டீன் லோவெட் இறந்த வருடம்

மேஜர் ஹெர்குலிஸ் லோவெட் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்றாவது முறையும் டீன் லோவெட் இரண்டு வருடம் முன்னதாகவே இறந்திருந்தார்.

"லயனல், இதைப் பாரு."

லயனல் அவருடைய தம்பி. ஊர்த் தேவாலயத்தின் குரு. வேகவைத்த முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டே கடிதத்தை வாங்கினார். அயர்லாந்தின் பெரிய குடும்பங்களின் வம்சாவளியைப் புத்தகமாகப் போடும் டப்ளின் பதிப்பகத்திலிருந்து வந்திருந்தது.

'தங்கள் மூதாதையர் கேப்டன் ஆம்ப்ரோஸ் பிறந்தது 1781 என்று ராணுவப் பதிவேடு சொல்கிறது. அவருடைய தந்தை, பேராலயத்தின் தலைமைக் குருவாக (டீன்) இருந்த மார்க்கஸ் லோவெட் இறந்தது 1779 என்று கல்லறை சொல்கிறது. விளக்கவும். வியாழக்கிழமை எங்கள் ஆள் நேரில் வருவார்.'

"சில பிள்ளைங்க கொஞ்சம் தாமதமாப் பொறக்கும் அண்ணா," என்றார் லயனல்.

"ரெண்டு வருஷமாவா?"

எட்டுத் தலைமுறையாக லோவெட் வீட்டில் மூத்தவன் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு, இளையவன் தேவாலயத்துக்கு. இந்த எட்டையும் தாளில் இறக்க மேஜருக்குப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அயர்லாந்து பிரிட்டனிடமிருந்து பிரிந்து தனி நாடான பிறகு தோட்டக்காரன்கூட அவருக்குத் தொப்பியைத் தூக்குவதில்லை. மிச்சம் இருந்தது அந்தப் புத்தகத்தில் வரப்போகிற ஒரு பக்கம்தான்.

"ராணுவப் பதிவேடு லண்டன்ல இருக்கு. அதைத் தொட முடியாது," என்றார் மேஜர். "கல்லறை நம்ம ஊர்ல இருக்கு."

அன்று மதியமே கல்தச்சன் ஹாக்கெட் உளியோடு வந்தான். அறுபது வயது. அவன் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் கல்தான் கொத்தியது.

"ரெண்டாவது ஏழை எட்டாக்கணும். அவ்வளவுதானே மேஜர்? உங்க வீட்ல ஒருத்தர் ஆளைக் கொல்றதும் இன்னொருத்தர் அடக்கம் பண்றதும்தான் வழக்கம். செத்தவரைப் பத்து வருஷம் பொழைக்க வைக்கிறது இதுதான் முதல் தடவை."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

அரை மணி நேரத்தில் டீன் 1789-இல் இறந்தார். மேஜர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

மாலையில் லயனல் ஓடி வந்தார். "அண்ணா, கோயில் சுவர்ல ஒரு பளிங்குப் பலகை இருக்கே, மறந்துட்டோமே! டீனோட மனைவி ஹென்ரியட்டா 1785-ல கர்னல் ஒருத்தரை மறுமணம் பண்ணியிருக்காங்க."

"அதனாலென்ன?"

"இப்போ டீன் உயிரோட இருக்காரே!"

மேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். நம் குலத்துப் பாட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு புருஷன்! அதற்குத் தாமதமாகப் பிறந்த பிள்ளையே தேவலை.

மறுநாள் ஹாக்கெட் பளிங்கில் எட்டின் ஒரு பக்கத்தைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து ஒன்பதாக்கினான். திருமணம் 1795-க்குப் போனது. ஆனால் கர்னலுக்குப் பிறந்த ஜெனரல் சிட்லி 1786-இலேயே பிறந்து, பக்கத்துக் கல்லறையில் படுத்திருந்தார்.

"அவரையும் தள்ளு," என்றார் மேஜர்.

ஜெனரல் 1796-இல் பிறந்தார். ஹாக்கெட் தூசியை ஊதிவிட்டு, கீழே இருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"மேஜர், இவர் 1803-ல இந்தியாவுல ஒரு கோட்டையைப் பிடிச்சிருக்காரே. ஏழு வயசுலயா?"

"மூணை எட்டாக்கு."

"அப்பவும் பன்னெண்டுதான்."

"எங்க குடும்பத்துல பசங்க சீக்கிரம் தேறிடுவாங்க. ஆக்கு!"

இப்போது இன்னொரு சங்கடம். பாசி படர்ந்த சாம்பல் நிறக் கற்களில் புது எண்கள் மட்டும் பால்பற்கள் போலப் பளிச்சிட்டன. மோர் தடவினால் கல் சீக்கிரம் பழசாகும் என்று ஹாக்கெட் சொன்னான். புதன்கிழமை சாயங்காலம் மேஜரும் லயனலும் முழங்காலிட்டு, சவரத் தூரிகையால் மூதாதையர்களுக்கு மோர் பூசினார்கள்.

வியாழக்கிழமை டப்ளினிலிருந்து வந்த ஆள் ஒரு பெண். மிஸ் கெரின். மூக்குக்கண்ணாடி, மழைக்கோட்டு, கையில் கனமான நோட்டு. மேஜர் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனபோது, லயனலின் ஆடு டீனை நக்கிக்கொண்டிருந்தது.

"பக்தியுள்ள ஆடு," என்றார் லயனல் மெல்ல.

மிஸ் கெரின் ஆட்டை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு ஜெனரலிடம் போனாள். நோட்டைப் புரட்டினாள்.

"மேஜர், ஜெனரல் சிட்லி அந்தக் கோட்டையை 1808-லயா பிடிச்சார்?"

"சந்தேகமே வேண்டாம்."

"அதை 1803-லயே இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டாங்களே."

ஆடு மறுபடி டீனிடம் வந்தது. யாரும் விரட்டவில்லை.

மிஸ் கெரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். குரலில் கோபமில்லை. "போன மாசம் ஒரு பிரபு வீட்ல பேராயரோட தலையையே கல்லுல மாத்தியிருந்தாங்க. உங்களுது எவ்வளவோ தேவலை. எல்லாக் குடும்பத்திலயும் இப்படி ஒரு இடம் வரும் மேஜர். இருக்கிறதை இருக்கிறபடி போட்டா புத்தகத்துல உங்க பக்கம் உங்களுக்குத்தான். என்ன சொல்றீங்க?"

மேஜர் கல்லறைகளைப் பார்த்தார். ஒரு வாரத்தில் இவர்களை எழுப்பி, கட்டிவைத்து, பிரித்து, சிறுபிள்ளையைப் போருக்கு அனுப்பி... போர்க்களத்தில்கூட அவர் இவ்வளவு களைத்ததில்லை. முதுகை நிமிர்த்தினார்.

"போடுங்க. கேப்டன் ஆம்ப்ரோஸோட அப்பா யாருன்னு தெரியலன்னே போடுங்க. லோவெட்டுக்குப் பொய் வேண்டாம்."

சொன்னதும் மனசு லேசானது. லயனல் அண்ணனின் தோளைத் தொட்டார். மிஸ் கெரின் பேனாவைத் திறந்தாள்.

அப்போதுதான் சுவரோரம் நின்றிருந்த ஹாக்கெட் உளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. மேஜரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய்க் காதில் கிசுகிசுத்தான்.

"தெரியலன்னு மட்டும் போடாதீங்க மேஜர், எவனாவது தேடிக் கண்டுபிடிச்சிருவான், எங்க தாத்தாவோட தாத்தாவுக்குப் பொறந்த அந்த ஆம்ப்ரோஸ் பிரிட்டிஷ் பட்டாளத்துல சேர்ந்துட்டான்கிறதை நூத்தம்பது வருஷமா வெளியே சொல்லாம மானத்தைக் காப்பாத்திட்டு வர்றோம்!"