ஏழாம் கட்டிலில் உரு வந்த நாள்

நோயாளியைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் சோதினை பாஸ் பண்ணுவனோ?" என்று வாக்குக் கேட்ட தாதி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். துணைக்கு ஆள் உண்டென்ற ஆறுதலாவது மிஞ்சும்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை, சவர்க்காரத்துக்குக்கூடத் தட்டுப்பாடு. எனக்குத் தலைக்கனம் மட்டும் தாராளமாக இருந்தது. தாதியர் பயிற்சியின் கடைசி ஆண்டு, இறுதிப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் காலை வேலையை என்னைப்போல வேகமாக முடிக்க ஆளில்லை என்பது என் நினைப்பு. (முடித்துவிட்டு என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். தொப்பி நேராக இருக்கிறதா என்று யன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்பேன்.)

ஏழாம் கட்டிலில் புத்தூர் பராசத்தி அம்மா இருந்தார். தோட்டம் செய்கிற குடும்பம். சீனி வருத்தம், காலில் ஆறாத புண். அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். காலையில் அவருக்கு இன்சுலின் ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் இரத்தத்தில் சீனி விழுந்து உயிருக்கே ஆபத்து. சாப்பிட்டாரா என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு. இதையெல்லாம் நான் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன்.

அன்று கந்தசஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள். அது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் அம்மாவே விரதம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு மிளகு என்று தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பூசைக்குப் பூப் பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் அன்று காலை சைக்கிள் ஏறினேன்.

ஊசி போட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும் வந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு துண்டு மிச்சமில்லை. பராசத்தி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'முழுதும் சாப்பிட்டார்' என்று முத்துமுத்தாக எழுதினேன். எழுத்தில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பத்து மணியளவில் ஏழாம் கட்டிலிலிருந்து ஒரு சத்தம்.

"ஆரடி நீ? ஆரைக் கேட்டு என்ரை கோயிலுக்குள்ளை செருப்போடை வந்தனி?"

பராசத்தி அம்மாதான். தண்ணீர்க் கோப்பை என் காதைத் தாண்டிப் பறந்தது. உடம்பு நடுங்கியது, வேர்வை ஊற்றியது, பார்வை எங்கேயோ போனது. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து, "சஷ்டி நாளெல்லே! முருகன் வந்திட்டார், உரு வந்திட்டுது!" என்றார். யாரோ திருநீற்றை எடுத்தார்கள். வாட்டே கும்பிட்டது.

நடுக்கம், வேர்வை, தடுமாறும் பேச்சு. மூன்றும் என் பாடப்புத்தகத்தில் அதே வரிசையில் இருப்பவை. என் மூன்று வருடப் படிப்பு முழுவதும் ஒன்றுகூடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். கைகூப்பினேன்.

"முருகா, வாற மாசம் எனக்குச் சோதினை. நான் பாஸ் பண்ணுவனோ?"

"போடி விசரி," என்றார் முருகன்.

(அன்றைக்கு அந்த வாட்டில் என்னைப் பைத்தியக்காரியென்று சரியாக மதிப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.)

நான் விடவில்லை. திருவாய் மலரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அப்போதுதான், கட்டில் கிடைக்காமல் ஏழாம் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்த ராணி அக்கா ஊர்ந்து வந்து பராசத்தி அம்மாவின் கட்டிலடியில் விழுந்தார்.

"முருகா, என்னைக் கோபிக்காதை! விரதம் எண்டு உந்த அம்மாதான் ரெண்டு நாளாத் தன்ரை பாணை எனக்குத் தந்தவ. நான் கேட்டு வாங்கேல்லை. மிஸிக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவ!"

மிஸி என்றால் தாதி, அதாவது நான். கண்ணைத் திறந்தேன். பராசத்தி அம்மாவின் கையைத் தொட்டேன். ஈரத்துணி போலக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் கையை நான் தொடுவது அன்று அதுதான் முதல் தடவை. ஊசி போட்டபோதுகூட மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. கண் செருகிவிட்டது.

வெறுங்காலோடு ஓடினேன். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் மருந்து அலுமாரியைத் திறந்தார். நரம்பில் ஏற்றும் குளுக்கோசு மூன்றே மூன்று குப்பிகள் இருந்தன. அடுத்த மருந்துக் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். டொக்டர் வந்து ஒன்றை உடைத்து ஏற்றினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த முறை உண்மையாகவே கும்பிட்டேன், மனதுக்குள். சோதினை ஞாபகத்துக்கே வரவில்லை.

சில நிமிடங்களில் பராசத்தி அம்மா கண் திறந்தார். கேட்ட முதல் கேள்வி: "என்ரை விரதம் முறிஞ்சு போச்சோ பிள்ளை?"

"இல்லையம்மா, ஊசியாலைதான் போனது. வாயாலை ஒண்டும் போகேல்லை."

அது வைத்தியமா சாத்திரமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் இனி அவர் வாயாலும் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சீனி திரும்ப விழும். கட்டிலருகே உட்கார்ந்து, முதல் தடவையாக, கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆருக்காக இந்த விரதம்?

மகனுக்காக. உயிரைப் பணயம் வைத்துப் படகில் கிளாலிக் கடல் கடந்து கொழும்புக்கென்று போனவன். ஏழு மாதமாக ஒரு கடிதம் இல்லை.

"நான் உங்களைக் கேளாமல் சாப்பிட்டதெண்டு எழுதிப்போட்டன் அம்மா," என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "கடிதம் வரேக்கை வாசிக்க நீங்கள் இருக்க வேணுமெல்லே?"

கடைசியில் அவர், "பாலும் பழமும் எண்டால் பரவாயில்லை," என்றார். டொக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். மிச்ச நாட்கள் பாலும் கதலிப்பழமுமாக, என் கண்ணுக்கு முன்னால் விரதம் நடந்தது. கடிதம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்கு முதல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சோதினை பாஸ். அதன்பின் எந்த நோயாளிக்கும், கேளாமல், தொடாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை.

வீட்டில் இது பெரிய பகிடி. என் கணவர் சொல்லும்போது மயிலும் வேலும்கூட வரும். லொத்தர்ச் சீட்டு வாங்கப் போனாலும், மழை வருமா என்று பார்த்தாலும், "உம்மடை ஏழாம் கட்டிலிட்டைக் கேளுமன்," என்பார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

போன வருடம் என் மகள் தாதிப் பயிற்சியில் சேர்ந்தாள். ஒருநாள் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா, எவ்வளவு நேரம் கும்பிட்டுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"ஐஞ்சு நிமிசம் இருக்கும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.