பட்டியலில் ஏறிய என் பெயர்

வரிச்சிக்குடி,
1956, ஆவணி மாதம்.

ஈப்போவில் மக்கள் மனைவியோடு நலமாக வாழும் மைத்துனர் தெட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, தங்கள் தங்கை அமுதத்தின் கணவன் சுப்ராயன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே மழை அளவாகப் பெய்கிறது, நாற்றங்கால் பச்சை பிடித்துவிட்டது, பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஆக மழை, வயல், மாடு எல்லாம் க்ஷேமம். நான் க்ஷேமமா என்று மட்டும் கேட்க வேண்டாம்.

அமுதம் பதினெட்டு வயதில் அங்கே மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படையில் சேர்ந்து, பர்மா வரை போய், இடது கெண்டைக்காலில் குண்டுச் சில்லோடு திரும்பியவள் என்பது தாங்கள் அறிந்ததே. மழை இறங்கினால் அந்தக் கால் அவளைத் தூங்க விடாது. போன மாதம் காரைக்காலில் சிலர் சேர்ந்து கமிட்டி வைத்து, எந்தப் படையில் இருந்தவரானாலும் பெயர் கொடுங்கள், வைத்தியம் பார்க்கிறோம் என்று தண்டோரா போட்டார்கள். சென்னைக் கல்லூரியில் வேலை பார்க்கும் நீலாயதாட்சி அம்மாள் என்பவர் அந்தப் பட்டியலைப் பார்க்க வரப்போகிறார், படையில் இருந்த பெண்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள், உடம்புக்கு என்ன என்று விசாரித்துப் புத்தகம் எழுதுகிறார் என்றும் சொன்னார்கள். அமுதம் அன்றைக்குச் சோறு கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தன் பேருக்காக இல்லை. அவளோடு இருந்த அல்லி என்ற பெண், ரங்கூனிலிருந்து நடந்து திரும்பும்போது காய்ச்சலில் செத்துப்போனாள். அவளைப் புதைத்தது அமுதந்தான். அல்லிக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. "நானும் போய்ட்டா அல்லின்னு ஒருத்தி இருந்ததையே சொல்ல ஆள் இல்லைங்க. அந்த அம்மாகிட்ட அவ பேரை எழுத வெக்கணும்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா மச்சான், பெரிய மனுஷனாட்டம், "ஆம்பளைங்க வரிசையில நீ எதுக்கு நிக்கிறே, நானே போய் உன் பேரைக் குடுத்துட்டு வர்றேன்"ன்னு கிளம்பிப் போனேன். நம்ம பக்கத்துல பொம்பளைங்களுக்காக வரிசையில நிக்கிறது ஆம்பளைங்கதானே. எனக்குப் பின்னால சேக் பரீது, சைகோன்ல பிரெஞ்சுக்காரன்கிட்ட சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவர், சட்டையில மெடல் குத்திக்கிட்டு நிக்கிறார். எழுதுறவர் எந்தப் படைன்னார், சொன்னேன். எங்கே போனதுன்னார், பர்மான்னேன். காயம்னார், இடது கால்னேன். உடனே சேக் பரீது என் தோளைத் தட்டி, "அடேயப்பா, சுப்ராயன், நீங்க பர்மாவுலயா இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னார். வரிசையே திரும்பிப் பார்த்துச்சு. என் வீரம் உங்களுக்குத் தெரியாததா. பதினெட்டு வருஷமா மேரியில, அதான் நகராட்சி ஆபீசுல, பொறப்பு இறப்பு எழுதுறவன், தீபாவளிக்குக் காதைப் பொத்திக்கிட்டு உள் ரூம்ல உக்கார்றவன். அத்தனை பேர் முன்னால "நான் இல்லை, என் பொஞ்சாதி"ன்னு சொல்ல வாய் வரலை. எழுதுறவர் பேரு என்னன்னார். சுப்ராயன்னுட்டேன்.

அப்புறம் பட்டதைக் கேளுங்க. கமிட்டி டாக்டர் கூப்பிட்டு விட்டார். என் இடது காலை அரை மணி நேரம் அமுக்கிப் பார்த்து, சில்லும் இல்லை, தழும்பும் இல்லை, பர்மாவுல யாரோ கைதேர்ந்த வைத்தியன் பார்த்திருக்கான்னு மெச்சி, ஒரு தைலம் குடுத்தார். அதைக் கடையில வாங்கினேன்னு சொல்லி அமுதத்துகிட்ட குடுத்தேன். அவளுக்கு வலி கொஞ்சம் கேக்குதாம், என்னை வாழ்த்துறா. சேக் பரீது ஆள் விட்டு டீ குடிக்கக் கூப்பிட்டு யுத்தக் கதை கேக்குறார். நான் அமுதம் சொன்னதையெல்லாம் எடுத்து விடுறேன், அவர் கண் கலங்குறார், இன்னொரு டீயும் சொல்றார்.

இதெல்லாம் கூடப் போகட்டும். பத்து நாளைக்கு முன்னால அந்த நீலாயதாட்சி அம்மாள் வந்தாங்க. கமிட்டி ஆபீஸ் கதவுல ஒட்டியிருந்த பட்டியலை மேலேருந்து கீழே ரெண்டு தடவை படிச்சாங்க. "காரைக்கால்ல பொம்பளை ஒருத்தரும் இல்லையா"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாகப்பட்டினம்தான் அவங்க சொந்த ஊராம், லீவுக்கு அங்கே தங்கியிருக்காங்களாம், பஸ் ஏறிப் போய்ட்டாங்க. நான் ரெண்டு முழம் தள்ளித்தான் நின்னுக்கிட்டிருந்தேன் மச்சான். அமுதம் அன்னைக்கு, "அந்த அம்மா வந்தாங்களா"ன்னு கேட்டா. "வருவாங்க"ன்னேன். எனக்கே என்னைப் பிடிக்கலை.

ஆகவே தாங்கள் தயவு செய்து, அமுதம் படை உடுப்போடு எடுத்த போட்டோவையும், படையில் இருந்தது அவள்தான் என்று ஒரு கடிதமும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அவளுக்குத் தனியாக எழுதும்போது, பேரை மாற்றி எழுதியது பட்டியல் எழுதிய அந்தக் குமாஸ்தா செய்த பிசகு என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும். என் கோழைத்தனம் நமக்குள்ளேயே இருக்கட்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
சுப்ராயன்.

பி.கு: உங்களுக்கு எழுதும் கடிதத்தின் அடியில் ரெண்டு வரி எழுத அமுதத்திடம் கொடுப்பது வழக்கம். இந்தத் தடவையும் கைப்பழக்கத்தில் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். அவள் எழுதித் தந்தது கீழே.

அண்ணனுக்கு அமுதம் எழுதுவது. போட்டோ வேண்டாம், என்கிட்டயே இருக்கு. தைல பாட்டில்லயே "சுப்ராயன், இடது கால்"னு சீட்டு ஒட்டியிருந்துச்சு, இவருக்கு அதைக் கிழிக்கத் தோணலை. அவரா சொல்வாருன்னு பார்த்தேன். சொல்லலை. போன புதன்கிழமை கமிட்டியில அந்த அம்மா விலாசத்தைக் கேட்டுக்கிட்டு நானே பஸ் ஏறி நாகப்பட்டினம் போய்ட்டு வந்துட்டேன். அல்லி பேரு, வயசு, எஸ்டேட்டு, செத்த இடம் எல்லாம் எழுதிக்கிட்டாங்க. என் காலுக்கும் டாக்டர் பார்க்க வழி பண்றேன்னாங்க. கடைசியா, திரும்பி வந்தப்புறம் உன்னை யாராவது இதைப் பத்திக் கேட்டாங்களான்னாங்க. நம்ம அம்மா வாயைத் திறக்காதேன்னா. நீங்களும் கேக்கலை அண்ணே. கல்யாணமான புதுசுல பக்கத்துல உக்காந்து முழுக்கக் கேட்டு, அல்லிக்காக அழுதவர் இவர் ஒருத்தர்தான். அவர் பேரையும் எழுதிக்கோங்கன்னு நான்தான் சொன்னேன். திங்கட்கிழமை காரைக்கால் போய்ப் பட்டியலைத் திருத்தறோம். வரிசையில நான் முன்னால நிப்பேன், இவர் பின்னால.