விண்ணைத் தொடு, படிவத்தைத் தொடாதே

பினாங்கில் ஓர் இனம் பெருகி வருகிறது. அதற்கு ஊக்குவிப்பாளர் என்று பெயர். ஜெலுத்தோங் முதல் பாகான் டாலாம் வரை எந்த மண்டபத்தில் நாற்காலி போட்டாலும் வந்துவிடும், மைக்கைக் கண்டால் தொண்டையைச் செருமும், மாணவர்களைக் கண்டால் "நம்ம பிள்ளைங்க!" என்று கண் கலங்கும்.

மாதிரிக்கு ஒருவர்: சுகுமாரன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியியல் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் "நம்ம பிள்ளைங்க" எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அவரே கேட்டதில்லை.

"நம்ம பிள்ளைங்களுக்குத் தன்னம்பிக்கை இல்ல லா!" என்று ஞாயிறுதோறும் மேடையில் உருகுவார். இருபது இடங்களுக்கு விண்ணப்பித்து ஒன்றிலிருந்தும் பதில் வராத பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, இவர்களுக்குத் தட்டத் தெரியவில்லையே என்று வருந்துவதற்கும் ஒரு திறமை வேண்டாமா? கடைசியில் கோயிலில் பூசை செய்த பேனாக்களை வழங்குவார். பூசைக்கும் பொறியியலுக்கும் என்ன உறவு? பேனா எழுதும். அவ்வளவுதான்.

போன மாதம் பாகான் டாலாம் கூட்டத்துக்கு ஷர்மினி வந்தாள். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிப்பவள். வெள்ளிக்கிழமைக்குள் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்காவிட்டால் ஒரு செமஸ்டர் போச்சு. சுகுமாரனுக்கு நான்கு முறை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். நான்குக்கும் ஒரே பதில்: கட்டைவிரல்.

கூட்டம் முடிந்ததும் படிவத்தை நீட்டினாள். தொழிற்சாலையின் பெயர், அவர் பெயர், பதவி எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். ஒப்புதல் கட்டம் மட்டும் காலி.

"சார், இதுல ஒரு சைன்..."

"ஆட்டோகிராப்பாம்மா? கொடு, கொடு!"

படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பூசை செய்த பேனாவால் கட்டம் நிறைய எழுதினார்: "விண்ணைத் தொடு!" கீழே கையெழுத்து. தேதி.

"சார், அது பிராக்டிகல் ட்ரெய்னிங்குக்கு..."

"கலக்கும்மா!" என்று அடுத்த பிள்ளையின் தோளைத் தட்டப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை, பாலிடெக்னிக்கில் பயிற்சிக்குப் பொறுப்பான மலாய் அதிகாரி புவான் ரோஹானா அந்தத் தமிழ் எழுத்துகளை உற்றுப் பார்த்தார். இது என்ன என்று மலாயில் கேட்டார்.

"இவரை ஏற்றுக்கொள்கிறோம்" என்று எழுதியிருப்பதாக ஷர்மினி மலாயிலேயே சொன்னாள்.

பொய் என்பீர்கள். நான் மொழிபெயர்ப்பு என்பேன். மேடையில் அவர் சொன்னதற்கெல்லாம் வேறு என்ன பொருள் இருக்க முடியும்?

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் நின்றாள். சுகுமாரன் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார்.

"யாரும்மா உன்னை வரச் சொன்னது? கம்பெனி பாலிசின்னு ஒண்ணு இருக்கு லா!"

"நீங்கதான் சார். சைன் இருக்கு, தேதி இருக்கு. விண்ணையே தொடச் சொன்னீங்க. உங்க ஆபீஸ் மூணாவது மாடிதானே?"

மறுக்க வழியில்லை. அவர் கையெழுத்திடும் படத்தை அவரே முகநூலில் போட்டிருந்தார். படிவம் பளிச்சென்று தெரிந்தது. நானூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். ஷர்மினி லிப்டில் ஏறினாள்.

அதன்பிறகு சுகுமாரன் எதையும் படித்துப் பார்க்காமல் ஊக்குவிப்பதில்லை.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? முடித்த கையோடு, "நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய கட்டுரை" என்று பத்துக் குழுக்களுக்கு இதை அனுப்பப் போகிறீர்கள். அனுப்புங்கள். அதற்கு முன் வாட்ஸ்அப்பைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். எப்போதோ ஒரு பிள்ளை உங்களிடம் இடம் கேட்டிருக்கும். கீழே உங்கள் கட்டைவிரல் இருக்கும்.