சனிக்கிழமை வண்டி வேண்டாம்

சேந்த்-எத்தியன்,
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10

அன்புள்ள மைத்துனன் லுசியனுக்கு,

உன் அக்காவின் கணவனும், சட்டப்படி இன்னும் அந்தப் பதவியில் நீடிப்பவனுமான ரெஜிஸ் எழுதிக்கொள்வது. நீயும் பெர்னாதெத்தும் உன் ரொட்டிக்கடை அடுப்பும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை நீ உன் ரொட்டி வண்டியைக் கொண்டுவர வேண்டாம். சரியாக எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், எட்டு ஐந்துக்கு வந்தால் அலமாரியைத் தூக்க ஒரு கை கொடுக்க மாட்டேன் என்று போன வாரம் உன்னிடம் கத்தினேனே, அதையும் மறந்துவிடு. மரீஸின் சாமான்கள் எங்கும் போகவில்லை. நாங்கள் விவாகரத்து செய்துகொள்ளப் போவதில்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "அக்காகிட்ட குடு" என்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து படி.

வக்கீல்கள் இரண்டு பேரும் பத்திரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியது உனக்குத் தெரியும். அது கைக்கு வந்து பதினைந்து நாள் கழியாமல் கையெழுத்துப் போடக்கூடாது, அதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் நன்றாக யோசிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரும் அந்தப் பதினைந்து நாளை ஒரே வீட்டில் கழித்துப் பார்த்தவராக இருக்க முடியாது. வீடு முழுக்க உன் அக்கா சீட்டு ஒட்டிவிட்டாள். மஞ்சள் ஒட்டியது அவளுக்கு, பச்சை எனக்கு. காலையில் கண் விழித்தால் அலமாரி மஞ்சள், மேஜை பச்சை, சூப் பானை மஞ்சள், மூடி பச்சை. மூடியை ஏன் பிரித்தாய் என்று கேட்டதற்கு, அது வேறு பானையின் மூடி, முப்பத்தொரு வருஷமாக உனக்கு அது தெரியவில்லை என்றாள். சுவர்க்கடிகாரம் ஐந்துக்கும் பச்சை. விவாகரத்துக்கு அவள் சொன்ன காரணமும் ஒன்றே ஒன்றுதான். அவள் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லையாம். இதைப் பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாளாம். எனக்கு நினைவில்லை.

இப்படி இருக்கையில், போன புதன்கிழமை சாயங்காலம், அதாவது பதினைந்தில் பன்னிரண்டாம் நாள், அவள் காப்பிக் கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் ஏதோ வந்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாளைக்குக் காலையில் கிளம்பினால் ஒரு ஆள் கட்டணத்தில் இரண்டு பேர் பஸ்ஸில் அன்சிக்குப் போகலாமாம். "போலாமா?" என்றாள். அன்சி என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமானதும் நாங்கள் தேனிலவுக்குப் போயிருக்க வேண்டிய ஏரிக்கரை ஊர் அது. அந்த வாரம் பார்த்து டிராம் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ய, பணிமனையில் நேரக் கண்காணிப்பாளனாக இருந்த நான் போக முடியவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. வேறு ஒருவனாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "எத்தனை மணிக்கு?"

பஸ் 6.40க்கு. நான் அவளை 5.15க்கே நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய்விட்டேன். மழை. கூரை கிடையாது. பஸ் வந்தது 7.22க்கு. நாற்பத்திரண்டு நிமிஷத் தாமதத்தைக் குறிப்பேட்டில் எழுதி ஓட்டுநரிடம் காட்டி, நாற்பது வருஷம் டிராம்களை நிமிஷம் பிசகாமல் அனுப்பியவன் என்ற முறையில் நாலு வார்த்தை சொன்னேன். அந்தத் தடியன் கொட்டாவி விட்டபடி, "ஐயா, நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள அம்பது ஆயிடும், ஏறுறீங்களா?" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. மரீஸ் மட்டும் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என் பக்கம் என்பதற்கு அது முதல் அத்தாட்சி.

இரண்டாவது அத்தாட்சி கழிவறையில் கிடைத்தது. லியோன் தாண்டியதும் பஸ்ஸின் பின்பக்கக் கழிவறைக்குள் போனேன், தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. உள்ளே நான், என் கையில் தாழ்ப்பாள், வெளியே விண்ணேற்ற விழா விடுமுறைக்குப் போகிற நாற்பது பேர். தட்டினேன், கத்தினேன். அடுத்த நிறுத்தத்தில்தான் கழற்ற முடியும் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டான். உன் அக்கா வந்து கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தே பேசினாள். சின்ன வயதில் நீயும் அவளும் உங்கள் அப்பாவின் மாவு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டதைச் சொன்னாள். நமக்கு ஒரு குழந்தை தங்கியிருந்தால் இந்நேரம் அதற்கே கல்யாண வயது என்றாள். அந்தப் பேச்சை இருபத்தைந்து வருஷமாக நாங்கள் எடுத்ததில்லை. எனக்கு உள்ளே வியர்த்துக் கொட்டியது, நகர இடமில்லை, பார்க்கச் சுவரைத் தவிர வேறு எதுவும் இல்லை, அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். அவள் சொன்னாள்: "நடுவுல ஒரு கதவு இருந்தா நீ நல்லாத்தான் கேக்கறே, ரெஜிஸ்." இவ்வளவு நல்ல வார்த்தையை அவள் என்னைப் பற்றிச் சொல்லி வெகுகாலம் ஆயிற்று. இருபத்தாறு நிமிஷம் பேசினோம். எழுதி வைத்திருக்கிறேன்.

அன்சி அழகான ஊர்தான், மறுக்கவில்லை. தண்ணீர் பச்சைப் பளிங்கு மாதிரி கிடக்கிறது, ஜன்னலெல்லாம் பூ. பணம் கம்மி என்பதால் எங்களுக்குக் கிடைத்தது பாலாடைக்கட்டி உருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஓர் அறை. பூட்டிய ஜன்னலுக்குள்ளும் அந்த வாசனை வந்தது, தலையணைக்குள் இருந்தும் வந்தது. கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிள்ளைகள் கட்டில். வீட்டுக்காரம்மாவிடம், நாங்கள் தம்பதிகள் அம்மா என்றேன். அவள் என்னை ஒரு பார்வை, மரீஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதனாலென்ன, ஏணி இருக்கே" என்றாள். ஈஸ்டரிலிருந்து தனித்தனி அறையில் படுக்கிற நாங்கள் மறுபடி ஒரே அறைக்கு வந்துவிட்டோம், மாடிதான் வேறு. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

பையைப் போட்டுவிட்டு ஏரிக்குப் போனோம். மரீஸுக்கு மிதிபடகில் போக ஆசை. இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தால்தான் அது நேராகப் போகும். என் முழங்காலால் முடியவில்லை, அவள் பக்கம் மட்டும் சுற்ற, படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டது. "ரெஜிஸ், நீயும் மிதி" என்றாள். "மிதிக்கிறேன்" என்றேன். உண்மையில் நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன், அரை மணி முடிந்தால் கூடுதல் கட்டணம். அந்த நேரம் பார்த்து ஓர் அன்னம் சிறகால் எங்கள்மேல் தண்ணீரை வாரியடித்தபடி வந்து, வீட்டிலிருந்து நான் கட்டி வந்த பன்றி இறைச்சி ரொட்டி இரண்டையும் தாளோடு தூக்கிக்கொண்டு போனது. துடுப்பு இருந்தால் அடித்திருப்பேன். மரீஸ் அடக்க முடியாமல் சிரித்தாள். நனைந்த தலையோடு அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், லுசியன். இந்தப் பெண் சூப் பானையோடு போய்விடக்கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். கரை ஏறியதும் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

ஆனால் கரை ஏறியபோது மணி 1.48. உனக்குத் தெரியாததா? இரண்டு அடித்தால் சமையலறையை மூடிவிடுவான், அதன் பிறகு ஜனாதிபதியே வந்து நின்றாலும் பச்சைத் தண்ணீர் கிடைக்காது. மரீஸ் ஏரி மீன் வறுவல் சாப்பிட வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பார், இதைக் காதில் வாங்கியிருக்கிறேன். கடைகளெல்லாம் பழைய ஊர்ப்பக்கம், போகிற வழியில் காதலர் பாலம். அதன் நடுவில் நின்று முத்தமிட்டுக்கொண்டால் கடைசி வரை பிரிய மாட்டார்கள் என்று ஒரு கதை, நீயும் பெர்னாதெத்தும்கூட அங்கே எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். அந்தக் கதையை நம்பி ஏழெட்டு ஜோடிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, பசித்தவன் எப்படிப் போவது? பாதிப் பாலத்தில் மரீஸ் என் சட்டைக்கையைப் பிடித்து, "கொஞ்சம் நில்லு" என்றாள். "மணி ஒண்ணு அம்பத்திரெண்டு!" என்று சொல்லிவிட்டு ஓடினேன். இந்த முழங்காலோடு. இரண்டு பேரை இடித்து, ஒரு நாயைத் தாண்டி, 1.58க்கு ஒரு கடையில் உட்கார்ந்து, இரண்டு தட்டு மீன் சொல்லிவிட்டேன். சமையல்காரன் என் கண்ணெதிரே அடுப்பை அணைத்தான். என் வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை.

மரீஸ் வரவில்லை. பரிமாறுகிறவன் இரண்டு தடவை வந்து, "மேடம் வருவாங்களா, சார்?" என்றான். பின்னாலேயே வருகிறாள் என்றேன். என் மீனைச் சாப்பிட்டேன். அவளுடையது ஆறிக்கொண்டிருந்தது. வீணாக்கக் கூடாதே என்று அதையும் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தேடிப்போனால், உன் அக்கா விட்ட இடத்திலேயே, பாலத்தின் நட்டநடுவில், கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். இளஞ்ஜோடிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். முக்கால் மணி நேரம் சும்மா நின்றிருக்கிறாள், பட்டினியாக! "மீன் பிரமாதம். உன்னோடதும் வீணாகல" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வழிகிற வரைக்கும் சிரித்தாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவளை அவ்வளவு சிரிக்க வைத்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் சொல்! படகில் சொல்ல நினைத்ததை இனிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சண்டை இல்லை. சாயங்காலம் ஏணியில் ஏறியவள் மேலிருந்து, "நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் அவளாக நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது பஸ் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? செவ்வாய்க்கிழமை கையெழுத்துக்கு வர மாட்டோம் என்று நாளைக் காலை வக்கீலுக்குச் சொல்லிவிடுவேன். அவர் தன் உயர்ந்த மரியாதைகளைத் தெரிவித்து எழுதிய கடிதத்தை அடுப்பில் போடப்போகிறேன். சீட்டுகளையும் நானே உரித்துவிடுகிறேன்.

உன் மாவு நன்றாகப் பொங்கட்டும், உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். பெர்னாதெத்துக்கு என் அன்பைச் சொல். சனிக்கிழமை வண்டியில்லாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மாறாத அன்புடன்
ரெஜிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், இரண்டு பேருக்கும் சேர்ந்த செய்தியாயிற்றே என்று இதை மரீஸுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கோப்பைகளைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். கழிவறையில் சிரித்தாள், அன்னத்தில் சிரித்தாள். பாலம் வந்ததும் கை நின்றது. "அதை மறுபடி படி" என்றாள். படித்தேன். "முக்கால் மணி நேரம்னு போட்டிருக்கே. நாப்பத்தெட்டு நிமிஷம். கடைசி நிமிஷம் வரைக்கும், நீ திரும்பி வருவேன்னுதான் நின்னேன்" என்றாள். அப்படியானால் நீ சொல்லியிருக்கலாமே, சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சொன்னேனே, ரெஜிஸ். கொஞ்சம் நில்லுன்னு சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கடைசிக் கோப்பையையும் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து உண்டு. சனிக்கிழமை வண்டி கொண்டு வா, பெரியதாகவே கொண்டு வா. அலமாரி மாடிப்படியில் இறங்காது, ஜன்னல் வழியாகத்தான் கயிறு கட்டி இறக்க வேண்டும், நான் பிடித்துக்கொள்கிறேன். சூப் பானையின் சரியான மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் கிடைத்துவிடும். எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். ஒன்பதுக்கு வா. பத்தானாலும் பரவாயில்லை, பதினொன்றானாலும் பரவாயில்லை, லுசியன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.