எலும்பு போட்டிருக்கா?

சூப்பில் கோழியே இல்லை என்று சூப்புக்கடை பாசிலியா தான் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்துகொண்டே, மேலே மிதந்து வந்த ஒரு கோழிக்காலைக் கரண்டியால் உள்ளே அமுக்கினாள்.

எடெல்மிரா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது? என் ஆளுங்களுக்குன்னு தனிப் பானை வைக்கிறேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"வச்சேன்டி. நேத்து பானை ஓட்டையாயிடுச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? கோழி ஒண்ணும் இதுல வேகலை. சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போச்சு."

"எங்க போச்சு? கால் தெரியுதே!"

அவளுக்குப் பின்னால் பச்சைத் தொப்பி போட்ட ஆறு பேர் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள். 'பச்சைத் தட்டு' கம்பெனியின் விருந்தாளிகள். மாமிசம், மீன், முட்டை, பால், தேன் எதுவும் படாமல் பெரு நாட்டுச் சாப்பாட்டை ருசி பார்க்க, குஸ்கோ சந்தையைச் சுற்ற வந்த வீகன் கூட்டம். அவர்களுக்கு வழிகாட்டி எடெல்மிரா. எங்கள் ஊரில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று அவளுடைய அம்மாவே கேட்டிருக்கிறாள்.

ஆனால் எடெல்மிராவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வாயாடி என்று ஊரே திட்டிய வாய்க்கு, முப்பத்தெட்டு வயதில்தான் முதல்முறையாகச் சம்பளம் கிடைத்தது. அதற்கு முன் ஐந்து வருஷம் அத்தான் வில்பெரின் கடையில் கோழி சுடும் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது ஆபத்து அட்டை வடிவில் வந்திருந்தது. சுற்று முடிந்ததும் விருந்தாளிகள் ஆளுக்கொரு அட்டையில் நட்சத்திரம் போடுவார்கள். போன மாதம் இரண்டு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். மூன்றாவதாக இன்னொன்று வந்தால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். போனால் வில்பெரின் கம்பிதான்.

ஆறு பேரில் நாலு பேர் ஹாலந்துக்காரர்கள். அவர்களால் தொல்லை இல்லை. எதைக் கொடுத்தாலும் படம் எடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். பயமெல்லாம் தலைநகர் லிமாவிலிருந்து மகனோடு வந்திருந்த ஒஃபேலியா அம்மாளிடம்தான். இந்த நாட்டிலேயே அறுபத்தைந்து வருஷம் ஆக்கித் தின்றவள். எந்தச் சட்டியில் எது ஒளிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"எங்கம்மாதான் வீட்டுலயே ரொம்ப ஸ்ட்ரிக்ட்," என்று மகன் ஜியான்கார்லோ காலையிலேயே பெருமையோடு சொல்லியிருந்தான். "அப்பா போனப்புறம் என்கூட வந்துட்டாங்க. நாங்க வீகன் இல்லையா, அம்மாவும் அன்னையிலேருந்து மாறிட்டாங்க. மூணு வருஷமா ஒரு முட்டையைக்கூடத் தொட்டதில்ல."

அந்த அம்மாள் இப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பானைக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தாள்.

"ஏம்மா, இதுல எலும்பு போட்டிருக்கா?"

"ஐயையோ! இல்லம்மா!" என்று எடெல்மிரா அவளுக்கும் பானைக்கும் நடுவே பாய்ந்தாள். "இந்தச் சூப்பே நமக்கு வேண்டாம். வாங்க, மக்காச்சோளம் சாப்பிடலாம்."

சோளக் கடையில் ஆளுக்கொரு கதிர் வாங்கிக் கொடுத்தாள்.

"இதுகூட சீஸ் வைப்பாங்களே?" என்றாள் ஒஃபேலியா அம்மாள்.

"நமக்கு வைக்க மாட்டாங்கம்மா. சீஸ் தட்டையே அந்தப் பக்கம் தூக்கி வைக்கச் சொல்லிட்டேன், பாருங்க."

ஒஃபேலியா அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சீஸ் தட்டு போன திசையைப் பார்த்தாள். பிறகு கதிரைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, முதல் நட்சத்திரத்தின் மேல் பென்சிலை வைத்து, என்ன நினைத்தாளோ, மறுபடி உள்ளே வைத்தாள்.

'நம்பவில்லை' என்று எடெல்மிராவுக்குத் தோன்றியது. இனிமேல் சொன்னால் போதாது, கண்ணால் காட்ட வேண்டும்.

அடுத்தது பிக்கரோன் கடை. பூசணியையும் சர்க்கரைவள்ளியையும் மாவாக்கி வளையமாகப் பொரித்துப் பாகு ஊற்றித் தருவார்கள். ஒஃபேலியா அம்மாள் வாணலிக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"பன்னிக்கொழுப்புல பொரிக்கிறதா?"

அவ்வளவு மெதுவாக விசாரிப்பவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான். எடெல்மிரா முந்திக்கொண்டாள். கடைக்காரியிடம் திரும்பி, "அக்கா, எண்ணெயைக் கொட்டுங்க. சட்டியைக் கழுவிட்டுப் புது எண்ணெய் ஊத்துங்க," என்றாள்.

"கழுவறதா? எங்க மாமியார் காலத்துலேருந்து இந்தச் சட்டியை ஒருத்தி கழுவினதில்லடி! அதுலதான் ருசியே இருக்கு!"

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் வாயாரத் திட்டினார்கள். இருபது நிமிஷம் கழித்துப் புது எண்ணெயில் வளையங்கள் வந்தன.

"உங்க கண்ணு முன்னாடியேம்மா! ஒரு சொட்டுக் கொழுப்பு கிடையாது!"

ஒஃபேலியா அம்மாள் கடித்தாள். காகிதத்தை மெல்வதுபோல மென்றாள். "இல்லதான்," என்றாள். அட்டை மறுபடி வெளியே வந்தது.

அந்த நேரம் பார்த்து எடெல்மிராவின் போன் அடித்தது. மதியச் சாப்பாடு போட ஒப்புக்கொண்டிருந்த தொமாசா பேசினாள். கிராமத்தில் அக்காள் மகன் வீட்டுக்குக் கூரை போடுகிறார்களாம். போகாவிட்டால் ஆயுசுக்கும் பேச மாட்டார்களாம். பஸ்ஸில் ஏறிவிட்டாளாம்.

எடெல்மிரா அழாத குறையாக அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஆறு பேரைக் கூட்டிட்டு வரேன். மாமிசம் கூடாது."

"அதுக்கென்ன, கோழி அடிச்சுடறேன்," என்றாள் டொமிட்டிலா.

"கோழியும் மாமிசம்தான்!"

"அப்ப என்னத்தைத்தான் தின்னுவாங்க? வியாதிக்காரங்களா, பாவம்?"

"கிழங்கு, அவரை, கீன்வா தானியம். வேற எதுவும் கண்ணுல படக்கூடாது."

"அடுப்புல சம்பந்தி வீட்டுக்கு ரெண்டு கினிப்பன்னி வெந்துகிட்டிருக்கே?"

"ஒளிச்சு வை!"

வெந்ததை ஒளிக்கச் சொன்னவள், உயிரோடு இருப்பவற்றைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் அடுப்படியிலிருந்து முயல்குட்டி அளவில் ஒரு டஜன் கினிப்பன்றிகள் கீச்சுக் கீச்சென்று முற்றத்துக்கு ஓடி வந்தன. ஹாலந்துப் பெண்மணி மண்டியிட்டு ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள்.

"செல்லப் பிராணிங்க," என்றாள் எடெல்மிரா.

"பேர் என்ன?"

எடெல்மிரா அம்மாவைப் பார்த்தாள். டொமிட்டிலாவுக்குப் பொய் வராது. கெச்சுவா மொழியில் ஒவ்வொன்றாகக் கை காட்டினாள். "அந்தப் பெரியவன் ஞாயித்துக்கிழமை. வெள்ளை, புதன்கிழமை. அவங்க கையில இருக்கறது மாமா பொறந்தநாள்."

"பிறந்த நாளையே பேரா வச்சிருக்காங்க," என்று எடெல்மிரா மொழிபெயர்த்தாள். ஹாலந்துக்காரர்கள் உருகிப்போனார்கள். லிமாவில் வளர்ந்த ஜியான்கார்லோவுக்குக் கெச்சுவா தெரியாது. ஒஃபேலியா அம்மாள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரியும் போலிருக்கிறதே என்று எடெல்மிராவுக்கு உயிரே போனது.

இருந்த கொஞ்ச உயிரும் போகிற மாதிரி பக்கத்து வீட்டு சாத்தூர்னினோ, சட்டைக்கையை மடித்தபடி உள்ளே வந்து கெச்சுவாவில் கேட்டான்.

"வெந்நீர் கொதிச்சுதா? இன்னைக்கு எவனுக்கு முடிவு?"

"குளிப்பாட்ட வந்திருக்கார்!" என்று எடெல்மிரா கத்தினாள். "வாராவாரம் வந்து குளிப்பாட்டுவார்!"

"கையில கத்தி இருக்கே?" என்றான் ஜியான்கார்லோ.

"நகம் வெட்ட!"

பார்க்கலாமா என்று ஹாலந்துக்காரர்கள் கேமராவோடு சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எடெல்மிரா சாத்தூர்னினோவின் காதில், "அண்ணே, என் வேலை போயிடும். கடிக்காம குளிப்பாட்டிடுங்க," என்று கெஞ்சினாள்.

"யாரு கடிக்காம?" என்று முனகியபடி அவன் உட்கார்ந்தான். நாற்பது வருஷமாகக் கணக்கில்லாமல் கழுத்தைத் திருகிய கை, ஞாயிற்றுக்கிழமைக்குச் சோப்புப் போட்டது, தலை துவட்டியது, காதைத் துடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நன்றியோடு அவன் விரலைக் கடித்தது.

கைதட்டல் அடங்கியபோதுதான் எடெல்மிரா கவனித்தாள். ஒஃபேலியா அம்மாளைக் காணோம்.

"அம்மா பாத்ரூம் போனாங்க," என்றான் மகன். "கால் மணி நேரம் ஆச்சு."

பாத்ரூமுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பின்னறை. அங்கேதான் டொமிட்டிலா வெந்த கினிப்பன்றிகளை ஒளித்து வைத்திருக்கிறாள். எடெல்மிரா எழுந்து ஓடப் போனாள். அதற்குள் ஒஃபேலியா அம்மாளே வந்துவிட்டாள். கண்கள் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது.

"என்னம்மா, அழுதீங்களா?" என்று மகன் பதறினான்.

"ஒண்ணுமில்ல கண்ணு. இந்த வீட்டைப் பார்த்ததும் மனசு தாங்கலை."

பார்த்துவிட்டாள். எல்லாம் முடிந்தது. எடெல்மிரா கிழங்கும் அவரையும் பரிமாறினாள். ஒஃபேலியா அம்மாள் ஒரு கிழங்குகூட எடுக்கவில்லை, வயிறு சரியில்லை என்றாள். வேனில் ஏறும்போது அட்டையை நாலாக மடித்து எடெல்மிராவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

வேன் திரும்பி மறைகிற வரை எடெல்மிரா அதைத் திறக்கவில்லை. திறந்தபோது அட்டையில் ஐந்து நட்சத்திரமும் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி நிரப்பப்பட்டிருந்தன. கீழே ஒரு வரி: 'மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்.'

எதையுமே சாப்பிடவில்லையே! அவள் வீட்டுக்குள் ஓடினாள். பின்னறையில் டொமிட்டிலா தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். தட்டில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

"அம்மா, சம்பந்திக்கு வச்ச ரெண்டும் எங்க?"

"அந்த லிமாக்கார அம்மாவுக்குக் கொடுத்துட்டேன். பாவம்டி, புள்ளை மனசு நோகுமேன்னு மூணு வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருக்காம். காலையிலேருந்து கடை கடையா எலும்பு இருக்கா, கொழுப்பு இருக்கான்னு ஆசையா கேட்டுச்சாம், எவளோ ஒரு படுபாவி கூடவே நின்னு ஒண்ணொண்ணையும் பிடுங்கிப் பிடுங்கி வச்சாளாம்!"