டபுள் விசில் அண்ணாச்சி ஏறாத ரயில்

திருநெல்வேலிச் சீமையில் நின்றுகொண்டே அதிக தூரம் பயணம் செய்த மனிதர் எங்கள் டபுள் விசில் அண்ணாச்சிதான். இதை மறுத்துப் பேச யாராவது வந்தால், அவரையும் வரிசையில் நிற்க வைத்துவிட்டுத்தான் அண்ணாச்சி பதில் சொல்வார்.

வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். அப்பா அம்மா வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஒற்றை விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரட்டை விசில் அடித்தால் புறப்பட வேண்டும், கண்டக்டர் கடைசியில்தான் ஏற வேண்டும். இந்த மூன்று சட்டங்களின் மேல்தான் உலகம் ஓடுகிறது என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. பனியனுக்கு மேல் தொங்கும் அந்த விசில் ஒலிக்காமல் எங்கள் தெருவில் ஒரு ஆட்டோகூட ரிவர்ஸ் எடுத்ததில்லை.

கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள எடம் காலியாத்தான கெடக்கு, வாசல்ல ஏன் அடைச்சிக்கிட்டு நிக்கிய" என்பார். ஒரு முறை மாப்பிள்ளையின் தாய்மாமாவையே தடுத்து நிறுத்தி, "பின்னால காலியா ஒண்ணு வருது, அதுல வாங்க" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரும் வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் போனவர். மறுபேச்சில்லாமல் ஒதுங்கி நின்று, அடுத்த பந்தியில் சாப்பிட்டார். மண்டபமே சாப்பிட்டு முடித்த பிறகுதான் அண்ணாச்சி இலையில் கை வைப்பார். அதுவும் பாயசம் தீர்ந்த பிறகு.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருடைய இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. நிற்பதைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். மூச்சு விடுவதைக் குறைக்கச் சொன்னதுபோல் அண்ணாச்சி அவரைப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் வாசலைத் தாண்டவில்லை. ஆட்டோக்களுக்கு மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து விசில் அடிப்பார்.

அவர் மனைவி கோமதி மதினிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை திருச்செந்தூர் போய் வர வேண்டும். முப்பத்தொரு வருடமும் விசேஷ நாளெல்லாம் அவருக்கு ஸ்பெஷல் பஸ் டூட்டி. மதினி தனியாகவே போய் வந்திருக்கிறார். இப்போது டூட்டி இல்லை, கால் இல்லை. கேட்கும்போதெல்லாம் அண்ணாச்சி, "நாலு பேரு தூக்கி ஏத்தி, நாலு பேரு தூக்கி எறக்க, நான் என்ன அரிசி மூடையாட்டி?" என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்த நிலையில்தான் எங்கள் தெரு நலச் சங்கம் ஒருநாள் சுற்றுலா போகத் தீர்மானித்தது. பாபநாசத்து அருவி ஒரு பக்கமும் குற்றாலம் மறு பக்கமும் விழுந்துகொண்டிருக்க, நாலுவழிச் சாலையில் இரண்டரை மணி நேரம் வடக்கே போய், ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மோட்டார் போட்டு விடும் அருவியில் குளிப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று. செயலாளர் என்ற முறையில் பூங்காவுக்கு முன்கூட்டியே போன் செய்து பதினான்கு கேள்விகள் கேட்டேன். பன்னிரண்டாவது கேள்விக்கான பதில் முக்கியமானது. நடக்க முடியாதவர்களுக்கு அங்கே பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். பூங்காவைச் சுற்றி ஓடும் ரயிலில் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.

போய்ச் சொன்னேன். அண்ணாச்சி விசிலை உருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"வாரேன் வே, செகரட்டரி. ஆனா ஒரு ஆளு என்னயத் தூக்கப்படாது. ஒரே ஒருத்தன் கை பட்டாலும் சரி, அதோட வாசல்படி தாண்ட மாட்டேன். பெறவு இவளும் திருச்செந்தூர்னு வாயத் தெறக்கப்படாது. கை படாமப் போய் வந்தா, அங்கயும் வாரேன்."

மதினி என்னைப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

காலை 5.40-க்கு வாடகை பஸ். பட்டியலில் அண்ணாச்சியோடு சேர்த்து நாற்பத்தொரு பேர். எல்லாரும் ஏறிய பிறகு அவர் படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறினார். பதினோரு நிமிடம் ஆயிற்று. நாற்பது பேரும் ஜன்னல் வழியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூங்கா வாசலில் எதெதைச் செய்யக்கூடாது என்று ஒரு பெரிய பலகை இருந்தது. எண்ணினேன், இருபத்தேழு. அதற்குக் கீழே, 'மகிழ்ச்சியாக இருங்கள்' என்று இருபத்தெட்டாவதாக ஒரு கட்டளை. பக்கத்திலேயே பேட்டரி ஸ்கூட்டர் நிலையம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அதன் ஒரு முனையில் ஆமைப் படம், மறு முனையில் முயல் படம். வாடகைக்காரர் முதலில் ஆமையில் வைத்துப் பழகச் சொன்னார். அண்ணாச்சி டயரைத் தட்டிப் பார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார், நேராக முயலுக்குப் போனார்.

மதியச் சாப்பாடு வரைக்கும் பூங்கா அவர் கட்டுப்பாட்டில் இருந்தது. ராட்டின வரிசையை இரண்டாகப் பிரித்தார். செல்ஃபி எடுக்கிறேன் என்று பாதையை அடைத்து நின்ற ஒரு குடும்பத்தை ஒற்றை விசிலில் ஓரங்கட்டினார். செயற்கை அருவியில் நெருக்கியடித்தவர்களிடம், "முன்னால நிக்கிறவுக நனைஞ்சாச்சுல்லா, எறங்கி வழி விடுங்க" என்றார். இறங்கினார்கள். பூங்காக் காவலாளிகளுக்கு அவர் யார் என்று தெரியவில்லை. சீருடை இல்லாமல் வந்த மேலதிகாரி என்று நினைத்து இரண்டு பேர் சல்யூட் வைத்தார்கள். மதினி பக்கத்தில் நடந்துகொண்டே சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன்.

2.15-க்கு ரயிலடி. ரயில் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு டிராக்டருக்கு ரயில் முகமூடி மாட்டி, பின்னால் ஐந்து பெட்டிகளைக் கோத்திருந்தார்கள். ஓட்டியவர் தூத்துக்குடிப் பக்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பயணிகளை ஏற்றும் பொறுப்பு செல்வி என்ற களக்காட்டுப் பெண்ணுக்கு. நாற்பது வயது இருக்கும். அவர் சட்டம் தெளிவாக இருந்தது. பேட்டரி ஸ்கூட்டர்தான் முதலில் ஏற வேண்டும். சாய்வுப் பலகை போட்டு, கடைசிப் பெட்டியில் ஏற்றி, பெல்ட் மாட்டிய பிறகே மற்றவர்கள் ஏறலாம்.

"கண்டக்டர் மொதல்ல ஏறுன வண்டி எங்கனம்மா உருப்பட்டிருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க இங்க பாசஞ்சர் அண்ணாச்சி."

இந்த வார்த்தை அவருக்குப் புரியாத மொழியாக இருந்திருக்க வேண்டும். அவர் பாட்டுக்கு ஸ்கூட்டரைத் திருப்பி, கூட்டத்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார். எங்கள் தெருக்காரர்கள், அந்நியர்கள், கல்லூரிப் பையன்கள் எல்லாரும் சொன்ன பெட்டியில் சொன்னபடி உட்கார்ந்தார்கள். மதினியைக் கடைசிப் பெட்டியில் ஓரத்தில் உட்கார வைத்தார். நான்கே நிமிடத்தில், கடைசிப் பெட்டியில் ஸ்கூட்டருக்கான இடம் தவிர, ரயில் நிரம்பியது. செல்வி அசந்துபோய்ச் சாய்வுப் பலகையை எடுத்து வரப் போனார்.

"செகரட்டரி, நம்மாளு எத்தன?" என்று கீழேயிருந்து கேட்டார் அண்ணாச்சி.

எண்ணினேன். "நாப்பத்தொண்ணு. சரியா இருக்கு அண்ணாச்சி."

சரியாக இருக்கிறது என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது முப்பத்தொரு வருடப் பழக்கம். கை விசிலுக்குப் போயிற்று. இரட்டை விசில்.

அதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஓட்டுநரின் பழக்கம். ரயில் புறப்பட்டது.

கண்டக்டர் இந்த இடத்தில் இரண்டு எட்டு ஓடி, கம்பியைப் பிடித்துத் தொற்ற வேண்டும். அண்ணாச்சியின் கை கம்பியைப் பிடிக்க உயர்ந்தது. கம்பி நகர்ந்துவிட்டது. கை அப்படியே நின்றது. பின்னால் செல்வி பலகையும் கையுமாக நின்றார்.

அண்ணாச்சி திருகை முயலில் வைத்து விரட்டினார். ரயிலின் வேகமும் முயலின் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இரண்டுக்கும் இருந்த பத்தடி இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கழுத்தில் விசில் தொங்கியது. ஒற்றை விசில் அடித்தால் நின்றிருக்கும். ஏன் அடிக்கவில்லை என்று பிறகு கேட்டேன். புறப்பட்ட வண்டியை வெளியே இருப்பவன் விசில் அடித்து நிறுத்துவது ஒழுங்கு இல்லையாம்.

எங்கள் தெரு ஆண்கள் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். "லே, குதிங்கலே, வண்டியோட அப்படியே தூக்கி வச்சிருவோம்" என்று ஒருவர் படியில் காலை வைத்தார். தூக்கினால் திருச்செந்தூர் போச்சு.

அப்போது கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு விசில். நீளமாக, ஒற்றையாக, காதைக் கிழிப்பதுபோல். ரயில் குலுங்கி நின்றது. திரும்பிப் பார்த்தோம். கோமதி மதினி வாயிலிருந்து இரண்டு விரல்களை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் எறங்கப்படாது," என்றார் மதினி. "அவியளே வருவாவ."

வந்தார். செல்வி ஓடி வந்து பலகையைப் போட்டார். அண்ணாச்சி திருகை ஆமைக்குத் திருப்பி, பையப் பைய, தன் சக்கரத்திலேயே ஏறினார். பெல்ட் மாட்டும்போதுகூட செல்வியின் கை அவர் மேல் படவில்லை.

"ஏட்டி, நீ எங்கன படிச்ச இத?" என்றார் மதினியிடம்.

"நீங்க டூட்டிக்குப் போனப்புறம் வீட்ல எனக்கு வேற என்ன சோலி? ஆளு ஏறலன்னா ஒத்த விசிலுன்னு கூடவா எனக்குத் தெரியாது?"

ஓட்டுநர் இறங்கி வந்து, விசில் கேட்டால் கால் தானாக அமுக்கிவிடுகிறது என்று மன்னிப்புக் கேட்டார். அது உமது தப்பு இல்லை, நல்ல டிரைவருக்கு அதுதான் அடையாளம் என்றார் அண்ணாச்சி. செல்வி புறப்படலாமா என்று கேட்டார். அண்ணாச்சி விசிலை வாய்வரை கொண்டுபோனார். பிறகு கீழே விட்டுவிட்டு மதினியைப் பார்த்தார்.

"நீயே அடி."

மதினி இரட்டை விசில் அடித்தார்.

அடுத்த வாரமே ஒரு பேட்டரி ஸ்கூட்டரை வாடகைக்குப் பிடித்து, இருவரையும் திருச்செந்தூர் கூட்டிப் போனோம். தரிசன வரிசையில் பாதியை அண்ணாச்சி ஒழுங்கு செய்தார் என்பதையும், முருகன் முன்னால் நின்ற ஒரு வியாபாரியிடம் "பாத்தாச்சுல்லா, நகருங்க" என்றார் என்பதையும் சொல்லத் தேவையில்லை. மதினி எதையும் கவனிக்கவில்லை. கண்ணை மூடி நின்றார்.

அண்ணாச்சியிடம் நான் இன்றுவரை சொல்லாத ஒன்று உண்டு. ரயிலடியில் அவர் கேட்டபோது வண்டிக்குள் இருந்தது நாற்பது பேர். அவரோடு சேர்த்துத்தான் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கும் நான், கீழே ஸ்கூட்டரில் இருந்தவரையும் உள்ளே இருப்பவராக எண்ணிவிட்டேன். டைரியில் அன்றைக்கு 'நாற்பத்தொன்று' என்று எழுதியதைத் திருத்த எத்தனையோ முறை பேனாவை எடுத்தேன். திருத்தவில்லை. ஒரு வண்டி கிளம்புகிறது, அதில் அவர் இல்லை என்று என்னால் எண்ண முடிந்ததில்லை.